மேயரம்மா வேலைக்கு ஓர் ஆள்

கிஸ்லேன் வெசியேர் ஆசைப்பட்டு மேயராகவில்லை. தேர்தலுக்கு ஆள் தேடிய கூட்டத்துக்குத் தாமதமாக வந்தாள், அவ்வளவுதான். புய்மரேலில் தாமதமாக வருகிறவர் தலையில் எதையாவது கட்டிவிடுவது வழக்கம். முன்பு ஒரு முறை அப்படி வந்தபோது ஊர் நூலகத்தின் சாவி கிடைத்தது. இந்த முறை ஊரே கிடைத்தது.

பகலெல்லாம் அவள் நர்ஸ். பிரான்சின் பெரிகோர் பகுதி மேட்டுப் பாதைகளில் காரை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். சர்க்கரைக்காரருக்கு ஊசி, காலில் புண் வந்தவருக்குக் கட்டு, தனியாக இருக்கும் கிழவிகளுக்குப் பத்து நிமிடப் பேச்சு. சாயங்காலமானால் மேயர் அலுவலகம். அங்கே தெருவிளக்கு, விடியுமுன் கூவும் பக்கத்து வீட்டுச் சேவல், லெயோன்ஸ் கிழவரின் வயலோரம் அடைத்துக்கொண்ட வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே காரை ஓரங்கட்டி ஒரு சாண்ட்விச். முதலில் முதுகில் மட்டும் இருந்த களைப்பு இப்போது உடம்பு முழுக்கக் குடிவந்துவிட்டது. வாடகைதான் கொடுப்பதில்லை.

நர்ஸ் வேலைக்குப் பெண்பாலில் பெயர் இருப்பதைப் பற்றி அந்த நாட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை. ஊசி போடுகிறவள், தரை துடைக்கிறவள், கல்லாவில் நிற்கிறவள் என்று பெண்பாலில் கூப்பிடும்போது பிரெஞ்சுக்காரர் நாக்கு ஒருநாளும் சுளுக்கிக்கொண்டதில்லை. மேயர் என்று வந்ததும்தான் சுளுக்கிக்கொண்டது.

மேயரம்மா என்று ஒரு சொல் இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி. டாக்டரின் மனைவி டாக்டரம்மா, கர்னலின் மனைவி கர்னலம்மா, மேயரின் மனைவி மேயரம்மா. புய்மரேலில் மேயரம்மா என்றால் ஒதெத் லகோர்ஸ். அவர் கணவர் ரொஜே ஐந்து தவணை மேயராக இருந்தவர். ரொஜே ரிப்பன் வெட்டுவார். ஒதெத் கத்தரிக்கோலை மறக்காமல் எடுத்து வந்திருப்பார். ஊர் மண்டபத்தின் சாவி, இழவு வீட்டுக்குப் போகவேண்டிய மலர்வளையம், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்ற விவரம், எல்லாம் ஒதெத்தின் தலைக்குள். சம்பளம் கிடையாது. பட்டம் உண்டு.

அந்தப் பக்கத்து ஊர்களில், மேயராக வந்தவர் வீட்டு வாசலில் ஊரார் ஒரு மரம் நடுவார்கள். காட்டிலிருந்து உயரமான பைன் மரத்தை வெட்டி, பட்டை சீவி, உச்சியில் ஒரு கொத்து இலையை மட்டும் விட்டு, மூவர்ணக் கொடிகளும் ஒரு பலகையும் அடித்து, மே மாதத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நிறுத்துவார்கள். மரம் நின்ற வீட்டார் ஊருக்கே ஒயின் ஊற்ற வேண்டும். நட்ட மரத்தை யாரும் பிடுங்கக்கூடாது. அதுவாக அழுகி விழ வேண்டும். லகோர்ஸ் வீட்டு முற்றத்தில் பழைய அடிக்கட்டைகள் கிழவன் பல் மாதிரி இன்னும் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

ஆக, பலகையில் என்ன எழுதுவது என்று ஊர்ச் சபையில் பேச்சு வந்தது.

பலகை எழுதுகிறவர் ஜில்பேர். கூரை ஓடு மாற்றுவது அவர் தொழில். ஊரில் பெயின்ட்டும் தூரிகையும் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் எழுத்தும் அவரிடம் வந்து சேர்ந்தது.

"எப்பவும் போல மேயருக்கு முன்னால 'லு' போட்டு எழுதிடறேன். அச்சு வெட்டி வெச்சிருக்கேன். அஞ்சு தடவை உபயோகிச்சது" என்றார்.

"'லு' ஆம்பளைக்குப் போடறது" என்றாள் எலோடி. பள்ளிக்கூட டீச்சர், சபையிலேயே இளையவள். "'லா' போடணும். மேயர் பொம்பளை. இதுல பேச என்ன இருக்கு?"

"பொம்பளைன்னு எங்களுக்கும் தெரியும் தாயி. அதைப் பன்னிரண்டு மீட்டர் உசரத்துல வேற எழுதி வைக்கணுமா?"

"ஆம்பளைன்னு இத்தனை வருஷம் எழுதி வெச்சீங்களே."

"மேயரம்மான்னு போட்டா என்ன?" என்றார் வாய்க்கால் விஷயமாக வந்து, வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்ட லெயோன்ஸ்.

"ஒதெத் உசிரோடதான் இருக்காங்க" என்றார் ஜில்பேர். எல்லாரும் மேஜையை விட்டுச் சற்றுப் பின்னால் சாய்ந்தார்கள், யாருடைய கல்லறையையோ தவறாகத் திறந்துவிட்ட மாதிரி.

கிஸ்லேனுக்கு மேட்டுத்தெருவில் இன்னும் ஒரு கால் கட்டு பாக்கி. அவள் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பதவியே வேண்டாம் ஜில்பேர். பேரை மட்டும் எழுது. வெசியேருக்கு ஊரார் மரியாதைன்னு. லுவும் வேண்டாம், லாவும் வேண்டாம்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. எலோடி மட்டும் சொல்ல வந்ததை விழுங்கினாள். களைப்பில் எடுக்கிற முடிவுக்கு ஒரு குணம் உண்டு, எடுக்கும்போது அது ஞானம் மாதிரியே இருக்கும். படிக்கட்டில் இறங்கும்போது கிஸ்லேன் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

அவள் யோசிக்காமல் விட்டது ஒன்றுதான். வெசியேர் என்பது அவள் பிறந்த வீட்டுப் பெயரல்ல, புருஷன் பெயர். புய்மரேலில் வெசியேர் வீடு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேட்டில், வால்நட் தோப்புக்கு நடுவே, பெர்னார் வெசியேரின் வீடு. அந்த வீட்டை விட்டு அவள் போன இலையுதிர் காலத்திலேயே வந்துவிட்டாள்.

இரண்டு பைகளோடு வந்து, மூடிக்கிடந்த பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்தாள். குளிர்காலத்தில் மேட்டுப்பாதை வழுக்கும், வேலைக்குப் போக இதுதான் வசதி என்று சொல்லிவைத்தாள். குளிர்காலம் போயிற்று. பாதை காய்ந்தது. அவள் திரும்பவில்லை. ஊரில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும்படியான காரணம் அவளிடம் இல்லை. பெர்னார் குடிகாரன் இல்லை, அடித்ததில்லை, வேறு ஒருத்தியும் இல்லை. வருஷக்கணக்காக ஊசியும் கட்டும் போட்டுப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவி அவள் கையைப் பிடித்தபடியே செத்துப்போன அன்று அவள் வீட்டுக்கு வந்தாள். டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல் பெர்னார் கேட்டான்: "இன்னிக்குச் சாப்பிட என்ன இருக்கு?" அவள் சூப்பைச் சூடாக்கி ஊற்றினாள். மறுநாள் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

சூப்புக்காகவா ஒருத்தி வீட்டை விடுவாள் என்று ஊர் கேட்கும். அதனால் அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை மதியம் ஊசி போட்டுவிட்டுத் திரும்புகிறாள், வால்நட் தோப்புக்கு மேலே ஏதோ மூவர்ணத்தில் படபடக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, நன்றாகப் பார்த்தாள். பைன் மரம். உச்சியில் கொத்து. அதற்குக் கீழே வெள்ளைப் பலகை.

ஜில்பேர் தன் பட்டறையில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அங்க ஏன் நட்டீங்க?"

"வேற எங்க நட? பேக்கரிக்கு முன்னால தார் ரோடு."

"தோண்டலாமே."

"ரோட்டைத் தோண்டணும்னா மேயர்கிட்ட அனுமதி வாங்கணும்."

"நான்தான் மேயர்."

"அதான் சொல்றேன். உங்கிட்ட வந்து கேட்டா உனக்கு ஆச்சரியமா இருக்காதே."

கிஸ்லேன் ஓட்டுக் குவியலின் மேல் உட்கார்ந்தாள். ஜில்பேர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"பலகையில வெசியேர்னு இருந்துச்சு. வெசியேர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். நீயும் பெர்னாரும்… அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது பாரு."

"தெரியாதா?"

"தெரியும். ஆனா நீ சொல்லலியே. நீ சொல்லாத வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுதான். பேக்கரி வாசல்ல நட்டா, ஊரே கூடி உன் வீட்டு விஷயத்தைக் கொடியேத்திச் சொன்ன மாதிரி ஆயிடும். மரியாதையா இருக்காது."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் தொந்தரவு. பன்னிரண்டு மீட்டர் மரியாதை அது.

"பிடுங்கிடுங்க."

"பிடுங்கக்கூடாதும்மா. ஊருக்கு ஆகாது. நாளைக்கு மத்தியானம் விருந்து. பெர்னார் எல்லாரையும் வரச் சொல்லிட்டான்."

அன்று இரவு அவள் படுக்கையில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். போகாவிட்டால் ஊரை அவமதித்ததாகும். சேவலும் வாய்க்காலும் சபையும் இனி அவள் பேச்சுக்கு அசையாது. போனால், மரம் நின்ற வீட்டுக்காரியாகப் போக வேண்டும். பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, கையைக் கழுவி, வாத்து ஈரலை அரைத்துச் செய்த பத்தேயைத் துண்டு போட்டு, கிளாஸ்களை அடுக்கி. அப்புறம் ஊர் பார்த்துக்கொள்ளும். குளிர்காலத்துக்கு வெளியூர் போன மாதிரி போனாள், வந்துவிட்டாள் என்று. திங்கட்கிழமை பேக்கரி மாடிக்குப் போனால் எல்லாரும் பதறுவார்கள். தன் பதவியேற்புக்குத் தானே மேயரம்மாவாக வேலை செய்யும் முதல் மேயர் நாமாகத்தான் இருப்போம் என்று நினைத்து, சிரிக்கத் தெம்பில்லாமல் தூங்கிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நோயாளிகளுக்கு லீவு கிடையாது. அவள் மேட்டை அடையும்போது முற்றம் நிறைந்திருந்தது. மேயரின் மூவர்ணப் பட்டை, காரின் பின்னால் பஞ்சுப் பொட்டலங்களோடு கிடந்து டெட்டால் வாசம் அடித்தது. அதை மாட்டிக்கொண்டாள். முன்வாசல் வழியாக நேரே மரத்தடிக்குப் போவதாகத்தான் திட்டம். ஆனால் கால்கள் திட்டத்தைக் கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கத்தில் பின்வாசலுக்குத் திரும்பி, அடுப்படிக் கதவில் கொண்டுபோய் நிறுத்தின.

உள்ளே பெர்னார் நின்றிருந்தான். அவளுடைய பழைய பூப்போட்ட ஏப்ரன் அவன் வயிற்றில் பாதி தூரம்தான் எட்டியிருந்தது. பத்தேயை வெட்டிக்கொண்டிருந்தான். அவன் எதிரே ஸ்டூலில் ஒதெத் லகோர்ஸ், கைத்தடியை முழங்காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு.

"மெல்லிசா வெட்டுப்பா. மேயர் வீட்டுப் பத்தே. செங்கல் அறுக்கிற மாதிரி அறுக்கிறே."

"கத்தி சரியில்ல."

"கத்தி எல்லாம் சரியாத்தான் இருக்கு." ஒதெத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்குடி இங்க வந்தே?"

"கையைக் கழுவிட்டு…"

"கழுவாதே. கழுவினா வேலை வந்துடும். வெளியே போ."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"காலையிலேயே வந்துட்டேன். பெர்னார் நேத்து வந்து, மரத்தை நட்டுட்டாங்க, எனக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாதுன்னு அழமாட்டாத குறையா நின்னான். சரி, வேலை கத்துக்கறேங்கறான், கத்துக்கட்டும்னு வந்தேன்."

பெர்னார் கிஸ்லேனைப் பார்க்காமல், பத்தேயைப் பார்த்துக் கேட்டான்: "மேயர் பொண்டாட்டின்னா மேயரம்மா. மேயர் புருஷனுக்கு என்ன பேரு?"

"பேரு இல்ல" என்றார் ஒதெத். "வேலை மட்டும்தான் இருக்கு. ஊறுகாய் ஜாடியை எடு."

அவன் எடுத்தான். எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்காமல் எடுத்தான். கிஸ்லேன் அதைக் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

"எங்க வீட்டுல அஞ்சு மரம் நட்டாங்க" என்றார் ஒதெத், தடியால் தரையைத் தட்டியபடி. "ஒண்ணுக்காவது கீழ நின்னு நான் ஒரு வாய் குடிச்சதில்ல. எல்லாம் இந்த மாதிரி ஜன்னல் வழியாப் பார்த்ததுதான். அடுப்படி ஜன்னல்லேர்ந்து அடிமரம்தான் தெரியும். உச்சியில என்ன கட்டியிருந்தாங்கன்னு ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

கிஸ்லேன் ஸ்டூலுக்கு அருகில் போனாள். ஊசி போடப் போகிற வீடுகளில் கிழவிகளை எழுப்புகிற மாதிரியே, அவர் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினாள்.

"என்னடி பண்றே? ஊறுகாயை வைக்கணும்."

"பெர்னார் வைப்பான்."

வெளியே வெயில். ஒதெத் மரத்தடியில் நின்று கழுத்தை முடிந்தவரை பின்னால் சாய்த்து உச்சியைப் பார்த்தார். கிஸ்லேன் அவர் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள். "அட, நிறையத்தான் கட்டியிருக்காங்க" என்றார் ஒதெத். அவருடைய ரொஜே நாற்காலியில் உட்கார்ந்து, இது எத்தனையாவது தடவை தான் ஜெயித்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவருக்கு நினைவு சரியில்லை.

யாரோ கிளாஸை ஸ்பூனால் தட்டினார்கள். மேயர் பேச வேண்டும்.

நன்றி என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அதைச் சொன்னாள். மரம் நன்றாக இருக்கிறது, தூக்கி நிறுத்தியவர்களுக்கு முதுகு வலித்தால் வாருங்கள், ஊசி இருக்கிறது என்றாள். சிரித்தார்கள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் இதே பொய்யை இன்னொரு குளிர்காலம் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நினைத்ததும் அவளுக்குக் கால் வலித்தது.

"இன்னும் ஒண்ணு. நான் இந்த வீட்டுல குடியில்ல. இலையுதிர் காலத்துலேர்ந்து பேக்கரிக்கு மேலதான் இருக்கேன். ரோடு வழுக்கினதால இல்ல. திரும்பி வர்றதாவும் இல்ல. இது உங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப நானே சொல்லிட்டேன். இனிமே யாரும் சிரமப்பட்டுத் தெரியாத மாதிரி இருக்க வேண்டாம்."

கொடிகள் படபடத்தன. அடுப்படி வாசலில் பெர்னார் தட்டோடு நின்றிருந்தான். ஊறுகாய் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

ஊர் முழுக்கத் தன் தன் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் லெயோன்ஸ் கிழவர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ, வாய்க்கால் விஷயமா நான் எங்க வரணும்?"

"பேக்கரிக்கு மேல. எட்டு மணிக்கு முன்னால."

"பெல் இருக்கா?"

"இல்ல. கீழேர்ந்து கூப்பிடு."

"என்னன்னு கூப்பிட?"

யாரோ சிரித்தார்கள். எலோடி வாயைத் திறந்தாள். கிஸ்லேன் அவளைக் கையமர்த்தினாள். சபையில் விட்டுவிட்டு வந்த முடிவை இப்போதாவது எடுத்துவிட வேண்டியதுதான்.

"மேயர்னு கூப்பிடு. முன்னால 'லா' போட்டு."

"வாயில நிக்கலியே."

"ரவுண்டானா வந்தப்பவும் பழக்கமில்லன்னு இப்படித்தான் சொன்னே. இப்ப சும்மாவே ரெண்டு சுத்து சுத்திட்டுத்தானே போறே."

இந்தச் சிரிப்பு பெரியதாக இருந்தது. லெயோன்ஸும் சிரித்தார். ஒயின் மறுபடி சுற்றிவந்தது. பெர்னார்தான் ஊற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவராக, ஒருவரையும் விடாமல். கிஸ்லேன் முன் வந்தபோது கிளாஸ் நிறைந்த பிறகும் ஊற்றி மேஜைவிரிப்பில் சிந்தினான். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த ஊருக்கு அந்தக் கலை நன்றாக வரும்.

கூட்டம் கரைந்த பிறகு அவள் பட்டையைக் கழற்றி மடித்தாள். ஒதெத் ரொஜேயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். பெர்னார் காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"வெசியேர்னு மட்டும் இருக்கு. பார்க்கறவன் எனக்குத்தான் நட்டாங்கன்னு நினைப்பான்."

"நினைச்சுட்டுப் போகட்டும்."

"ஏணி வெச்சு மாத்திடலாமா?"

"எட்டாது. கழுத்தை ஒடிச்சுக்காதே, கட்டுப் போட எனக்கு நேரமில்ல."

"பைன் எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு தவணை நிக்கும்னு ஜில்பேர் சொல்றான்." அவள் சாவியைத் தேடினாள். "எனக்கும் அவ்வளவுதான் தாங்கும்."

அவன் மரத்தின் அடியில் மிதித்து மண்ணை இறுக்கினான். தேவையில்லாத மிதி. "தினமும் இதைப் பார்த்துட்டு இருக்கணும். இதுக்கு ஏதாவது செய்யணுமா? தண்ணி கிண்ணி?"

"வெட்டின மரம் பெர்னார். வேரே கிடையாது."

"ஆமால்ல" என்றான். பிறகு பெட்டியைத் தூக்கியபடி, முகத்தைக் காட்டாமல் கேட்டான்: "நீ சாப்பிட்டியா?"

அவள் சாப்பிடவில்லை. காலையில் ஒரு காபியோடு கிளம்பியவள். முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வி எப்போதாவது வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அவன் உள்ளே போய், வெள்ளித்தாளில் எதையோ சுற்றிக்கொண்டு வந்து கார் ஜன்னல் வழியாக நீட்டினான். "திரும்பி வந்துடு" என்று சொல்லவில்லை. அதற்காகவே அவள் வாங்கிக்கொண்டாள்.

பேக்கரி வாசலில் காரை நிறுத்தியபோது வெயில் இன்னும் ஓடுகளின் மேல் இருந்தது. மாடிக்கு ஏற முடியவில்லை. முதல் படியிலேயே உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டிக்கு நடுவே பத்தே, ஒவ்வொரு துண்டும் செங்கல் கனம். ஒதெத் போன பிறகு வெட்டியது. அவள் வாய் நிறையக் கடித்தாள்.

தெருமுனையில் யாரோ வந்து நின்று, மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்து, தொண்டையைச் செருமினார்கள். ஒரு தடவை ஆரம்பித்து நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள்.

"மதாம்… லா மேயர்?"

லெயோன்ஸ். கையில் தொப்பி.

அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. படியிலிருந்து கையை ஆட்டினாள். மாடியைப் பார்த்துக் கூப்பிட்ட கிழவர், அவள் கீழே படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்தார். பிறகு சமாளித்துக்கொண்டு, அவளோடு இதுவரை பேசாத மரியாதையில் பேசினார்.

"வாய்க்கால் விஷயம். ஞாயித்துக்கிழமையாச்சே, நீங்க வீட்லதான் இருப்பீங்கன்னு வந்தேன்."

அவள் மென்று விழுங்கிவிட்டு, படியில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.